சுண்டெலி மூளையில் சிபி1 அளக்கும்போது அடினோசின் குறுக்கே வருவதைத் தடுப்பது எப்படி?

கூண்டு7:
வணக்கம். நாட்பட்ட காஃபீன் கொடுத்த சுண்டெலியில் டிஹெச்சி-யின் (கஞ்சாவின் போதைப்பொருள்; சிபி1 என்ற கன்னாபினாய்டு ஏற்பியைத் தூண்டுவது) விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்டுரைகளை வைத்துத்தான் தொடங்குகிறேன். ஒன்று, பால்டிமோரில் உள்ள அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் ஹாஃப்மன், லூபிகா குழு 2010-ல் வெளியிட்டது: ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப்பகுதி) தானாகவே ஊறும் அடினோசின் (நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் மூலக்கூறு; காஃபீன் இதன் ஏற்பிகளைத்தான் அடைக்கிறது), ஏ1 ஏற்பி வழியாக, குளுட்டமேட் முனைகளில் சிபி1-இன் வேலையை மட்டுப்படுத்துகிறது. இன்னொன்று 2011-ல் லிஸ்பனின் செபாஸ்தியாவ் குழு வெளியிட்டது: நாட்பட்ட காஃபீனுக்குப் பிறகு, டிஹெச்சி சுண்டெலியின் இட நினைவை இன்னும் அதிகமாகக் கெடுக்கிறது.

கேள்விகள்:
சிறுமூளைச் சவ்வில் ஜிடிபி-காமா-எஸ் பிணைப்பு (ஏற்பி எவ்வளவு ஜி-புரதத்தை இயக்குகிறது என்று காட்டும் அளவீடு) அளக்கும்போது 10 மைக்ரோமோலார் ரிமோனபான்ட் (சிபி1 தடுப்பான்) அடிப்படை அளவையே கீழே இறக்குகிறது. இதை "சிபி1 தானாகவே இயங்குகிறது, ரிமோனபான்ட் அதை அணைக்கிறது" என்று எழுதலாமா?
மூளைச் சீவலில் (உயிரோடு வைத்திருக்கும் மெல்லிய மூளைத் துண்டு) எந்தெந்த ஒப்பீடுகள் கட்டாயம்?
காஃபீனைக் குடிநீரில் கலப்பதா, ஊசியா?

வடிதாள்:
முதல் கேள்விக்கு நேரடியான பதில்: எழுதக் கூடாது. சவ்வில் இருக்கும் அடினோசினை அகற்றாமல் எடுத்த எண் என்றால் நிச்சயமாகக் கூடாது.

2003-ல் பின்லாந்தின் குவோப்பியோ பல்கலைக்கழகத்தில் சவினாய்னன், லைட்டினன் குழு எலிச் சிறுமூளைச் சவ்வில் இதையே தோண்டிப் பார்த்தது. எவ்வளவு கழுவினாலும் சவ்வுத் தயாரிப்பில் அடினோசின் உண்டாகிக்கொண்டே இருக்கும். அது ஏ1-ஐத் தூண்டி அடிப்படை அளவை உயர்த்திவைக்கும். ரிமோனபான்ட், ஏஎம்251 போன்ற சிபி1 தடுப்பான்கள் நானோமோலார் அளவில் சிபி1-ஐ மட்டும் தொடும். மைக்ரோமோலாருக்குப் போனால் ஏ1-ஐயும் தடுக்கும். ஆக நீங்க பார்க்கிற இறக்கம் சிபி1 அணைந்ததால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏ1-இல் உட்கார்ந்திருந்த அடினோசினைத் தள்ளிவிட்டதாலும் வரும். அந்தக் கட்டுரையின் தலைப்பே சிபி1, ஏ1 இரண்டுக்கும் தன்னியக்கம் இருப்பதற்கு எதிரான சான்று என்றுதான் சொல்கிறது.

மரபணு நீக்கிய, சிபி1 இல்லாத சுண்டெலியின் சவ்விலும் அதே 10 மைக்ரோமோலாரைப் போட்டுப் பாருங்க. அங்கேயும் அதே அளவு இறங்கினால் சிபி1-க்கு அதில் பங்கில்லை.

நடைமுறைக்கு வருவோம். சுண்டெலிச் சிறுமூளைச் சவ்வுக்கு ஓடுகிற ஒரு ஏற்பாடு:

50 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 7.4. மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார், ஈஜிடிஏ 1 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார். கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் 0.1 சதவீதம். சாதாரண ஆல்புமின் வாங்கிவிடாதீங்க; அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பமிலங்கள் தொந்தரவு. ஒரு குழாய்க்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் புரதம். கந்தகம்-35 ஏற்றிய ஜிடிபி-காமா-எஸ் 0.05 முதல் 0.1 நானோமோலார். 30 டிகிரியில் ஒரு மணி நேரம். குறிப்பற்ற பிணைப்புக்குக் கதிரியக்கம் இல்லாத ஜிடிபி-காமா-எஸ் 10 மைக்ரோமோலார்.

குவானோசின் டைஃபாஸ்ஃபேட் அளவை மட்டும் யாருடைய கட்டுரையிலிருந்தும் அப்படியே எடுக்காதீங்க. 3, 10, 30, 100 மைக்ரோமோலார் என்று நாலு புள்ளி வைத்து, உங்க சவ்வுத் தொகுதியில் எங்கே இடைவெளி அகலம் என்று பார்த்து முடிவு பண்ணுங்க. அது குறைந்தால் அடிப்படை அளவு மேலே ஏறித் தூண்டல் மூழ்கிவிடும். கூடினால் டிஹெச்சி மாதிரி அரைகுறைத் தூண்டிகளின் விளைவே காணாமல் போகும்.

வடிகட்ட ஜிஎஃப்/பி கண்ணாடி இழைத்தாள். இதற்குப் பாலிஎதிலீன்இமைனில் ஊறவைக்க வேண்டாம், வெறும் குளிர்ந்த தாங்கலில் நனைத்தால் போதும். ஊறவைத்தால் கட்டுறாத ஜிடிபி-காமா-எஸ் மின்சுமையால் தாளில் ஒட்டிக்கொண்டு பின்னணி எகிறும். பழக்கதோஷத்தில் பலரும் செய்வது இது.

புதுமாணவி:
சார், அடினோசினை அகற்ற அடினோசின் டிஅமினேஸ் நொதி எவ்வளவு போடணும்? போட்டது வேலை செய்ததா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வடிதாள்:
@புதுமாணவி, மி.லி.க்கு 1 யூனிட் போதும்மா. சவ்வோடு சேர்த்து 30 டிகிரியில் 10 நிமிடம் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மருந்தும் கதிரியக்கப் பொருளும் சேர்க்கணும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் முதல் சில நிமிடத்து அடினோசின் வேலையைக் காட்டிவிடும். ஒரு மணி நேரமும் நொதி உள்ளேயே இருக்கட்டும். சவ்வு புதிதாக அடினோசினை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

வேலை செய்ததா என்று பார்க்க இரண்டு குழாய் தனியாக வையுங்க. ஒன்றில் நொதியோடு 10 மைக்ரோமோலார் அடினோசின்: தூண்டல் தெரியவே கூடாது. இன்னொன்றில் நொதியோடு ஏ1 தடுப்பான் டிபிசிபிஎக்ஸ் 100 நானோமோலார்: அடிப்படை அளவு இதற்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் நொதி செத்திருக்கிறது, அல்லது போதவில்லை.

ஏ1-ஐ நீங்களே தூண்ட வேண்டுமானால் சிபிஏ அல்லது சிசிபிஏ எடுங்க. இந்த நொதி அவற்றைத் தொடாது. வெறும் அடினோசினை அகோனிஸ்டாகப் (தூண்டியாகப்) போட்டு, கூடவே நொதியையும் போட்டு, "ஏ1 பதில் சொல்லவில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

கண்ணாடிமுனை:
ஒரு சின்ன இணைப்பு. இந்த நொதி கன்றுக்குட்டிக் குடலிலிருந்து எடுத்தது, இரண்டு வடிவில் விற்கிறார்கள்: அம்மோனியம் சல்ஃபேட்டில் தொங்கலாக ஒன்று, கிளிசரால் கரைசலாக ஒன்று. சவ்வு வேலைக்கு முதல் வகையைச் சமாளித்துவிடலாம். உயிருள்ள சீவலுக்குள் விட்டால் அம்மோனியமே நரம்பணுவின் குளோரைடு சமநிலையைக் குலைக்கும், நீங்கள் அதை அடினோசின் விளைவு என்று படிப்பீர்கள். சீவலுக்குக் கிளிசரால் வகையை வாங்கி, உப்பு நீக்கும் சிறு தூணில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

நிறமாலை:
வடிதாள் சார் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. சிபி1 இல்லாத சுண்டெலியை வைத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற தொனி வருகிறது. அப்படித் தெளியாது. 2001-ல் பிரைவோகெல் குழு சிபி1 இல்லாத சுண்டெலி மூளைச் சவ்வில் ஆனந்தமைடும் வின் 55,212-2-உம் (சுருக்கமாக வின்; இரண்டும் சிபி1 தூண்டிகள்) ஜிடிபி-காமா-எஸ் பிணைப்பை இன்னமும் தூண்டுவதைக் காட்டியது. மற்ற சிபி1 அகோனிஸ்டுகள் அப்படிச் செய்யவில்லை. ஆகவே சவ்வு வேலைக்கு சிபி 55,940 என்ற தூண்டியை எடுப்பது நல்லது. வின் மட்டுமே வைத்து வரையும் வளைவில் சிபி1 அல்லாத ஒரு பங்கு எப்போதும் ஒளிந்திருக்கும்.

சிபி1 இல்லாத சுண்டெலியிலும் இரண்டு வம்சம் உண்டு. 1999-ல் லெடன்ட் குழு உருவாக்கியது சிடி1 என்ற சுண்டெலி இனப் பின்னணியில், அதே ஆண்டு ஸிம்மர் குழு உருவாக்கியது சி57பிளாக்6 பின்னணியில். ஏ2ஏ (இன்னொரு அடினோசின் ஏற்பி) இல்லாத சுண்டெலியும் அப்படித்தான்: 1997-இன் லெடன்ட் வகை சிடி1, பிறகு வந்த சென் வகை சி57பிளாக்6. சிடி1 பின்னணி சிபி1 வகையோடு சி57 பின்னணி ஏ2ஏ வகையை ஒப்பிட்டு "இந்த ஏற்பி முக்கியம், அந்த ஏற்பி முக்கியமில்லை" என்று முடிவுகட்டும் படங்களைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். கலப்புப் பெற்றோரைச் சேர்த்து ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

வடிதாள்:
@நிறமாலை, ஒப்புக்கொள்கிறேன். வின் இருக்கிற இடத்தில் அதன் இன்னொரு கண்ணாடிப்பிம்ப வடிவமான வின் 55,212-3-ஐயும் ஓட்டுங்க என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதுவும் பதில் கொடுத்தால் ஏற்பியே இல்லாத சவ்வுக் குழப்பம்.

இன்னொன்று: ஏ2ஏ-வை இந்த முறையில் தேடி நேரத்தைக் கொல்லாதீங்க. அது ஜிஎஸ், ஸ்ட்ரையேட்டத்தில் (அசைவை ஆளும் மூளைப்பகுதி) ஜி-ஓல்ஃப் வகைப் புரதத்தோடு சேர்வது. மூளைச் சவ்வு ஜிடிபி-காமா-எஸ் பெரும்பாலும் ஜிஐ/ஜிஓ வகையைத்தான் காட்டும். ஏ2ஏ-க்குச் சைக்ளிக் ஏஎம்பி அளவிடுங்க.

கண்ணாடிமுனை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சீவல்.

ஹிப்போகாம்பஸ் 350 முதல் 400 மைக்ரான் சீவல், 95 சதவீத ஆக்சிஜன் – 5 சதவீதக் கரியமில வாயு, குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு, 30 முதல் 32 டிகிரி, நிமிடத்துக்கு 2 முதல் 3 மி.லி. ஓட்டம். ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில், ஸ்ட்ராட்டம் ரேடியேட்டம் அடுக்கில் புல மின்னழுத்தம். இவ்வளவும் எல்லோரும் எழுதுவது. யாரும் அழுத்திச் சொல்லாதது: அடினோசின் அளவு ஒவ்வொரு சீவலிலும் வேறு. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும், ஓட்டம் மெதுவானாலும், சீவல் தடித்தாலும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உடைந்து அடினோசின் ஏறும். ஒரே விலங்கிலிருந்து எடுத்த இரண்டு சீவலில் வின் ஒன்றில் 40 சதவீதம் அடக்கி, இன்னொன்றில் 15 சதவீதம்தான் அடக்கியது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபி1-ஐ இல்லை, ஓட்டக் குழாயை.

அதனால் ஒவ்வொரு சீவலிலும் கடைசியில் டிபிசிபிஎக்ஸ் 200 நானோமோலார் விட்டு, புல மின்னழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவையுங்கள். அந்த ஏற்றம்தான் அந்தச் சீவலின் அடினோசின் சுமைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல். சுமையைக் கிடை அச்சிலும் வின் விளைவை நிலை அச்சிலும் போட்டால், ஹாஃப்மன் குழு சொன்னது உங்கள் கருவியிலேயே தெரிகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். அவர்கள் ஏ1-ஐ டிபிசிபிஎக்ஸாலோ காஃபீனாலோ அடைத்தபோது சிபி1-இன் அடக்கும் திறன் கூடியது. ஏ1 இல்லாத சுண்டெலிச் சீவலில் அடினோசினின் இந்தக் கட்டுப்பாடே இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ1-ஐ அடைத்ததும் குளுட்டமேட் வெளியீடு ஏறுவதால் அடிப்படையே மாறிவிடுகிறது. தூண்டல் மின்னோட்டத்தைக் குறைத்து, அலையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே வின் விட வேண்டும். அதுவும் போதாது. வெளியீடு கூடியதாலேயே சிபி1-க்கு அடக்க அதிக இடம் கிடைத்ததா, இல்லை இரண்டு ஏற்பியும் உண்மையில் ஒன்றோடொன்று பேசுகிறதா? ஒப்பீடாக, ஏ1-ஐத் தொடாமல் வெளிக் கால்சியத்தைக் கொஞ்சம் உயர்த்தி வெளியீட்டை அதே அளவு ஏற்றுங்கள், பிறகு வின். அப்போதும் விளைவு கூடினால் "ஏற்பிகளின் உரையாடல்" என்று தலைப்பு வைக்கக் கூடாது. கூடவே பேக்லோஃபென் வைத்து, வெளியீட்டை அடக்கும் இன்னொரு ஏற்பியான கேபா-பி வழியையும் சோதியுங்கள். ஏ1 அடைப்பு பேக்லோஃபெனையும் அதே அளவு பலப்படுத்தினால், அது சிபி1-க்கே உரிய செய்தி இல்லை.

புதுமாணவி:
வின் விட்டபிறகு கழுவினால் பழைய நிலைக்கு வருவதே இல்லை என்கிறார்களே, அது சரியா?

கண்ணாடிமுனை:
சரிதான். கன்னாபினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. திசுவுக்குள் போனால் வெளியே வராது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஒரு சீவலுக்கு ஒரு மருந்து, ஒரே ஒரு தடவை. அடுத்த சீவல் புதிது.

டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 10 மில்லிமோலார் கரைசல் செய்து சிறு குப்பிகளில் உறைய வையுங்கள். கடைசிக் கரைசலில் அந்தக் கரைப்பான் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1 மைக்ரோமோலார் வின் போதும்; அதற்கு மேலே ஏறினால் கால்சியம் வாய்க்காலையே நேரடியாகத் தொடத் தொடங்கும். விளைவு நிலைக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும், 10 நிமிடத்தில் "விளைவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் ஆல்புமின் சேர்த்தால் குழாயில் ஒட்டுவது குறையும், ஆனால் வாயு விடும்போது சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கும். சீவலுக்குப் பக்கத்தில் நுரை வந்தால் பதிவு முழுக்க இரைச்சல். குமிழை மெதுவாக்கி, தேக்கத் தொட்டியில் மட்டும் விடுங்கள்.

கன்னாபினாய்டு ஓடிய குழாயைத் தனியாக வையுங்கள். அன்றன்று 70 சதவீத எத்தனால் ஓட்டி, பிறகு தண்ணீர். அதே குழாயில் மறுநாள் "மருந்தில்லா" சீவல் ஓட்டினால் அது மருந்தில்லாச் சீவல் கிடையாது.

சீவலில் காஃபீன் விடுவதானால் 50 மைக்ரோமோலார் அளவோடு நில்லுங்கள். அந்த எல்லைக்குள் அது அடினோசின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. சில நூறு மைக்ரோமோலார் போனால் பாஸ்ஃபோடைஎஸ்டரேஸ், மில்லிமோலாருக்குப் போனால் உள்செல் கால்சியம் என்று வேறு கதை.

தராசு:
மூன்றாவது கேள்வி என் பக்கம். குடிநீர் – ஊசி இரண்டும் ஒரே சோதனை கிடையாது, எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று எழுதுங்க.

குடிநீரில் லிட்டருக்கு 0.3 கிராம் என்பது பழக்கத்தில் இருக்கும் அளவு. 25 கிராம் சுண்டெலி நாளுக்கு 5 மி.லி. குடித்தால் 1.5 மி.கி. உள்ளே போகிறது, அதாவது கிலோவுக்கு 60 மி.கி. லிஸ்பன் ஆய்வில் கொடுத்தது ஊசியாக, கிலோவுக்கு 3 மி.கி., 15 நாள். இருபது மடங்கு வித்தியாசம்! இரண்டையும் "நாட்பட்ட காஃபீன்" என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவதால்தான் கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகிற மாதிரி தெரிகிறது.

குடிநீர் என்றால் இன்னொரு சிக்கல். சுண்டெலி இரவில்தான் குடிக்கும். காஃபீன் அதன் உடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை 11 மணிக்கு டிஹெச்சி கொடுத்துச் சோதித்தால் ரத்தத்தில் காஃபீன் கிட்டத்தட்ட இல்லை. காஃபீனுக்குப் பழகிப்போன மூளையைத்தான் பார்க்கிறீங்க. மாலை விளக்கணைத்து மூன்று மணி நேரம் கழித்துச் சோதித்தால் காஃபீன் இருக்கும்போதே பார்க்கிறீங்க. முதலாவதில் ஏ1 திறந்திருக்கிறது, எண்ணிக்கையும் கூடியிருக்கலாம் – 1993-ல் ஜான் டேலி குழு நாட்பட்ட காஃபீன் சுண்டெலி மூளையில் ஏ1 அடர்த்தியை ஏற்றுவதையும், ஸ்ட்ரையேட்டத்தின் ஏ2ஏ மாறாததையும் காட்டியிருக்கிறது. இரண்டாவதில் ஏ1 அடைபட்டிருக்கிறது. சிபி1 மேல் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்க வாய்ப்பிருக்கு. கடைசி காஃபீனுக்கும் டிஹெச்சி-க்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதைச் சுருக்கத்திலேயே போடுங்க.

காஃபீன் சிட்ரேட் வாங்கினால் எடையில் பாதிதான் காஃபீன். கிலோவுக்கு 10 மி.கி. என்று எழுதி 5 கொடுத்த கட்டுரைகள் இருக்கத்தான் செய்யும்.

சிறுமூளைவாசி:
தராசு மேடம் சொன்னதோடு கரைப்பானையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிஹெச்சி எத்தனாலில் கரைந்துதான் வருகிறது. வழக்கமான கலவை எத்தனால் : கிரெமஃபோர் : உப்புநீர் 1:1:18. கிலோவுக்கு 10 மி.லி. ஊசி போட்டால் எத்தனால் மட்டும் கிலோவுக்கு 0.5 மி.லி., அதாவது சுமார் 0.4 கிராம். மற்ற ஆய்வில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடினோசின் ஆய்வில் கண்டுகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் எத்தனால், அடினோசினைச் செல்லுக்குள் இழுக்கும் ஈஎன்டி1 கடத்தியைத் தடுத்துச் செல்லுக்கு வெளியே அடினோசினைச் சேர்க்கும்.

கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் சயீத் தார் 2000-ல் வெளியிட்டதைப் படியுங்கள். சுண்டெலியின் சிறுமூளைக்குள் நுண்குழாய் வழியாக மருந்து விட்டு, சுழல்தடியில் நடை தடுமாறுவதை அளந்த வேலை. டிஹெச்சி-யால் வந்த தடுமாற்றத்தை எத்தனால் கூட்டியது. ஏ1 அகோனிஸ்ட் சிஹெச்ஏ மேலும் கூட்டியது, டிபிசிபிஎக்ஸ் குறைத்தது.

கவனியுங்கள்: ஹிப்போகாம்பஸில் ஏ1 சிபி1-ஐ மட்டுப்படுத்துகிறது, சிறுமூளை நடையில் ஏ1-உம் சிபி1-உம் ஒரே பக்கம் தள்ளுகின்றன. இதை முரண்பாடு என்று எடுக்க வேண்டியதில்லை. ஒன்று ஒரே முனையில் ஒரே ஜி-புரதத்துக்குப் போட்டியாக இருக்கலாம், இன்னொன்று முழுச் சுற்றின் வெளிப்பாடு. "அடினோசின் கன்னாபினாய்டைக் கூட்டுமா குறைக்குமா" என்று மொத்தமாகக் கேட்டால் அந்தக் கேள்விக்கே விடை கிடையாது. எந்த இடம், எந்த முனை, எந்த அளவீடு என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

கரைப்பானுக்கு வழி: எத்தனாலை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்திவிட்டு, எஞ்சிய பிசினை ட்வீன்-80-இல் குழைத்து, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக உப்புநீர் ஊற்றினால் டிஹெச்சி குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஊசியில் வருவது வெறும் ட்வீன்.

கூண்டு7:
மிக்க நன்றி. டிஹெச்சி-க்குப் பதிலாகக் கஞ்சாச் சாறு எடுத்தால் மனிதப் பயன்பாட்டுக்கு நெருக்கமாக இருக்குமே என்று ஒரு யோசனை இருந்தது.

சிறுமூளைவாசி:
அந்த யோசனையைக் கைவிடுங்கள். சாற்றில் கன்னாபிடயால் (கஞ்சாவின் போதை தராத கூறு) இருக்கும். 2006-ல் மில்வாக்கியில் ஹிலார்ட் குழு, கன்னாபிடயால் அதே ஈஎன்டி1 கடத்தியை 250 நானோமோலாருக்கும் குறைவான கேஐ (தடுக்கும் வலுவைச் சொல்லும் எண்; குறைந்தால் வலு அதிகம்) அளவில் தடுப்பதைக் காட்டியது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்தாலே, பாக்டீரிய நச்சால் ஏறும் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சிப் புரதம்) குறைந்தது. ஏ2ஏ இல்லாத சுண்டெலியில் அந்த விளைவே இல்லை. அதாவது சாறு கொடுத்தால் சிபி1-ஐ ஒரு கையாலும் அடினோசினை இன்னொரு கையாலும் தட்டிவிட்டு, எது எதைச் செய்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தராசு:
நடத்தைச் சோதனைக்கு இன்னும் கொஞ்சம். கன்னாபினாய்டுக்கான நால்வகைச் சோதனை எல்லோருக்கும் தெரியும்: நடமாட்டக் குறைவு, உடல் குளிர்தல், வலி உணராமை, உறைநிலை (வைத்த நிலையிலேயே அசையாமல் நிற்பது). இதை ஏ1 அகோனிஸ்டோடு சேர்த்து ஓட்டும்போது விபரீதம் ஆகும். சிபிஏ தனியாகவே சுண்டெலியைக் குளிர வைக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும், அசையாமல் போட்டுவிடும். நாலில் பாதி அதிலேயே நிரம்பிவிட்டது! மேலே டிஹெச்சி சேர்த்துக் கூடுதல் குளிர்ச்சியைப் பார்த்து "ஒத்துழைப்பு" என்று எழுதுவது வெறும் கூட்டல் கணக்கு. மூளைக்குள் போகாத அடினோசின் தடுப்பான் 8-எஸ்பிடி முன்கூட்டியே கொடுத்து உடல்புற ஏ1-ஐ அடைத்துவிட்டுப் பாருங்க. ஏ3 என்ற அடினோசின் ஏற்பியைத் தொடுகிற அகோனிஸ்டும் சுண்டெலியைத் தனி வழியில் குளிர்விக்கும் என்பதால் தேர்ந்தெடுக்கும் மருந்து ஏ1-க்கே உரியதா என்றும் பார்க்கணும்.

அறை வெப்பம் 20-ஆ 24-ஆ என்பது குளிர்தல் எண்ணை மாற்றிவிடும், நாள்தோறும் குறித்துவையுங்க. ஆசனவாய் உணரியை எல்லா விலங்கிலும் ஒரே ஆழம், 2 செ.மீ., நுழையுங்க. முதல் அளவு கைபட்ட பதற்றத்திலேயே ஏறிவிடும், சோதனைக்கு முன்பே சில நாள் பழக்குங்க. வால் முக்கும் தண்ணீர் 52 டிகிரி என்றால் 15 வினாடியில் எடுத்துவிடணும், வால் வேகக் கூடாது.

அடினோசின் விழித்திருக்கும் நேரத்தோடு மூளையில் ஏறிக்கொண்டே போகும். காலையில் கட்டுப்பாட்டுக் குழு, மாலையில் மருந்துக் குழு என்று ஓட்டினால் அந்த வித்தியாசத்தையே வெளியிட்டுவிடுவீங்க. குழுக்களைக் கலந்து, ஒரே மணியில்.

நிறமாலை:
ஸ்ட்ரையேட்டம் பற்றி யாரும் தொடவில்லையே. 2007-ல் கரீபா, ஃபெரே, ஃபிராங்கோ குழு சிபி1-உம் ஏ2ஏ-உம் ஒட்டி ஒரே கூட்டமைப்பாக இருப்பதாகச் சொன்னது. செல்களில் ஒளி ஆற்றல் மாற்ற முறையில் நெருக்கத்தைக் காட்டி, எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் சிபி1 அகோனிஸ்ட் உண்டாக்கும் நடமாட்டக் குறைவை ஏ2ஏ தடுப்பான் நீக்குவதையும் காட்டினார்கள். ஸ்டாக்ஹோமில் ஃபிசோன் குழு 2005-ல் சுண்டெலியில் பார்த்ததும் இதோடு பொருந்துகிறது: சிபி 55,940-ஆல் டார்ப்-32 என்ற புரதத்தில் பாஸ்ஃபேட் ஏறுவது ஏ2ஏ இல்லாத சுண்டெலியில் குறைகிறது. 2004-ல் சோரியா குழு டிஹெச்சி-க்கான உடல் சார்பும் இட விருப்பமும் ஏ2ஏ இல்லாமல் போனால் தேய்வதைச் சொன்னது.

வடிதாள்:
செயல்ரீதியான தொடர்பு உண்மை, அதில் சண்டையில்லை. "ஒட்டியிருக்கிறது" என்பதில்தான் எனக்குக் கை நடுங்குகிறது. திசுவில் காட்டப் பயன்படுத்துவது அண்மை இணைப்பு முறை. 40 நானோமீட்டருக்குள் இருந்தாலே சிவப்புப் புள்ளி வரும். அடுத்தடுத்த வீட்டில் இருந்தாலும் வரும். ஒளி ஆற்றல் மாற்றம் 10 நானோமீட்டர் வரைதான், ஆனால் அது பெரும்பாலும் அளவுக்கு மீறி ஏற்பி ஏற்றிய செல்லில். அங்கே நெரிசலே நெருக்கத்தைக் காட்டும்.

நிறமாலை:
அதனால்தான் சவ்வைக் கடக்கும் பகுதியின் பெப்டைடு வைத்துக் கூட்டமைப்பை உடைக்கும் சோதனை கேட்கிறார்கள், சார். சரியான பெப்டைடு போட்டால் புள்ளியும் போக வேண்டும், ஏ2ஏ–சிபி1 செயல் தொடர்பும் போக வேண்டும். சம்பந்தமில்லாத பகுதியின் பெப்டைடு போட்டால் இரண்டும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் நம்பலாம். புள்ளி படம் மட்டும் என்றால் உங்கள் நடுக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

புள்ளிப் படம் எடுப்பவர்களுக்கு: எதிர்ப்பொருளை சிபி1 இல்லாத திசுவிலும் ஏ2ஏ இல்லாத திசுவிலும் தனித்தனியாக ஓட்டாமல் ஒரு படமும் எடுக்காதீர்கள். சிபி1 எதிர்ப்பொருள்களில் கணிசமானவை, ஏற்பியே இல்லாத மூளையிலும் அழகாகச் சாயமேற்றும். தொகுதி எண் மாறினால் மறுபடி சோதனை.

ஏ2ஏ தடுப்பான் தேர்விலும் கவனம். எஸ்சிஹெச் 58261 தண்ணீரில் கரையாது. எம்எஸ்எக்ஸ்-3 தண்ணீரில் கரையும், உடலுக்குள் போய் இயங்கும் வடிவமாக மாறும். ஆகவே சவ்விலோ செல்லிலோ அதைப் போட்டு விளைவு தேடாதீர்கள். கேடபிள்யூ-6002 வெளிச்சத்தில் வடிவம் மாறிப் பலம் இழக்கும். கரைசலைப் பழுப்புக் குப்பியில், அன்றன்று.

புதுமாணவி:
இன்னொரு கேள்வி. மூளையில் அடினோசின் எவ்வளவு என்று நேரடியாக அளந்தால் இந்தச் சந்தேகம் எல்லாம் தீராதா? தலையை எடுத்ததும் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டால்?

தராசு:
தீராதும்மா. ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து ஏடிபி உடைந்து அடினோசின் பல மடங்கு ஏறிவிடும். தலையை வெட்டி, மண்டையோட்டைத் திறந்து, ஹிப்போகாம்பஸைப் பிரிக்க எவ்வளவு வேகமான கைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேலாகும். நீ அளப்பது உயிரோடு இருந்தபோது இருந்த அளவை இல்லை, வெட்டிய பிறகு ஊறியதை. திரவ நைட்ரஜனும் வெளிப்புறத்தைத்தான் உடனே உறைய வைக்கும், நடு மூளை குளிர நேரமாகும்.

தலைக்கு மட்டும் குவித்த நுண்ணலைக் கருவி இருந்தால் ஒரு வினாடிக்குள் நொதிகள் எல்லாம் செயலிழக்கும், அதற்குப் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். சமையலறை மைக்ரோவேவ் அதற்கு ஆகாது. அது விலங்கு வதை, நெறிமுறைக் குழு அனுமதிக்காது. அந்தக் கருவி கிடைக்காவிட்டால் நுண்பகுப்புக் குழாய் (உயிருள்ள விலங்கின் மூளையிலிருந்தே மாதிரி எடுப்பது) வையுங்க. அதிலும் குழாய் நுழைத்த காயத்தால் முதல் பல மணி நேரம் அடினோசின் எகிறிக்கிடக்கும். மறுநாள் எடுக்கும் மாதிரியைத்தான் கணக்கில் சேர்க்கணும்.